ஒக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை

ஜெர்மனியில் இருக்கும் என் அண்ணை வருடத்தின் பெரும்பகுதியில் ஒழுங்கான மனுசன். தொலைபேசியில் கூப்பிட்டால் சுகம் கேட்பார், சமையல் கேட்பார், என் முழங்கால் நோவைப் பற்றி விசாரிப்பார். ஒக்டோபர் பிறந்துவிட்டால் அந்த மரியாதை எல்லாம் போய்விடும். நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் கேள்வி வந்து விழும்.

“டயர் மாத்தியாச்சோ?”

“அண்ணை, இஞ்சை இன்னும் மரத்திலை இலையே கொட்டேல்லை.”

“இலை கொட்டினாப் பிறகு கராஜ் வாசலிலை வரிசை நிக்கும். இப்பவே மாத்து.”

பனியில் சறுக்காத குளிர்கால டயர் போட்டாயிற்றா என்ற இந்தக் கேள்வியோடு நான் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டேன். எனக்கு இன்று தலை நரைத்துவிட்டது, மொன்றியலுக்குப் பக்கத்தில் கர்க்லாண்டில் சொந்த வீடு இருக்கிறது, புவாண்ட்-கிளேரில் ஒரு கார்டரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், பிறர் பெற்ற பிள்ளைகளுக்குக் குளிர்காலச் சப்பாத்து மாட்டிவிட்டே இடுப்பு உடைந்துபோயிற்று. ஆனாலும் அண்ணைக்கு நான் பனிவீதியில் சறுக்கிக்கொண்டு போகும் சின்னப் பிள்ளைதான். ஒவ்வொரு வருடமும் எரிச்சல்பட்டுத்தான் பதில் சொல்வேன். அந்த எரிச்சல் எவ்வளவு இனிப்பானது என்று அப்போது விளங்கவில்லை.

அண்ணை பெரிய லொறி ஓட்டியவர். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே வாகனம் சைக்கிள்; அதுவும் பாதி நாள் காற்றுப் போய்க் கிடக்கும். அந்த வீட்டிலிருந்து போன ஆள் பிறகு ஜெர்மனியில் இருந்துகொண்டு நோர்வே முதல் இத்தாலி வரை சாமான் ஏற்றி இறக்கினார். நான் கல்யாணம் முடித்து மொன்றியலுக்கு வந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சமுத்திரம். அவருடைய மகளின் கல்யாணத்துக்கு ஒரு தடவை நான் ஜெர்மனி போனேன். அதைத் தவிர நெடுங்காலம் அவரை நேரில் கண்டதில்லை. அவர் லொறியில் போகாத நாடு இல்லை, ஆனால் விமானம் என்றால் ஆளுக்கு ஆகாது. “ஓட்டுறவன்ரை முகமே தெரியாத வண்டியிலை நான் ஏறன்” என்பார்.

அது வெறும் பகிடி அல்ல. அண்ணை மற்றவர் ஓட்டும் எந்த வண்டியிலும் கண் மூட மாட்டார். தூரப் பயணத்துக்குக் கம்பனி இரண்டு சாரதிகளை அனுப்பும். ஒருவர் ஓட்ட மற்றவர் பின்னால் இருக்கும் கட்டிலில் படுக்கலாம். இவர் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி மற்றவருக்கு வளைவு சொல்லிக்கொண்டிருப்பாராம். கூட வந்தவர்கள் எல்லாரும் கும்பிடு போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். மகளின் கல்யாணம் முடிந்து மருமகன்தான் எங்களைக் காரில் கூட்டிவந்தான். முன் இருக்கையில் கல்யாணக் கோட்டோடு இருந்த அண்ணை வழி முழுக்க இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். அவருடைய சப்பாத்து தட்டிய சத்தம் பின்னால் இருந்த எனக்குக் கேட்டது. மருமகனுக்கு வேர்த்துக் கொட்டியது.

மொன்றியலில் எங்களுடைய முதல் கார், மாதா கோயிலுக்கு வரும் ஒருவர் தலைமுழுகிய பழைய கார். அப்போது நகரத்துக்குள் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் இருந்தோம். இவர், அதாவது என் வீட்டுக்காரர், டவுன்டவுனில் உணவகச் சமையலறைகளில் வேலை செய்தார். இங்கே குளிர்கால டயர் கட்டாயம் என்ற சட்டம் அந்த நாளில் வந்திருக்கவில்லை. காரில் இருந்தவை எல்லாப் பருவத்துக்குமான டயர்கள். அதை இவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

“நாலு சீசனுக்கும் எண்டு டயரிலையே எழுதிக் கிடக்கு. வின்டர் அந்த நாலுக்குள்ளை வராதோ?”

முதல் பனிக்கே விடை கிடைத்தது. வீட்டுக்குப் பக்கத்துச் சந்தியில் இவர் பிரேக் பிடிக்க, கார் எங்களைக் கணக்கெடுக்காமல் தன்பாட்டில் மெல்ல மெல்லப் போய் ஒரு பனிக் குவியலில் மூக்கைச் சொருகி நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதை அண்ணைக்குச் சொன்னேன். அந்தக் காலம் தொலைபேசி அட்டைக் காலம். அட்டை முடியும் வரைக்கும் ஏச்சு.

“உன்ரை மனுசனுக்குச் சொல்லு, உங்கத்தை வின்டர் அந்த நாலுக்குள்ளை வராதெண்டு. டயரிலை மலையும் பனிப்பூவும் அச்சடிச்சிருக்கோ எண்டு பார். அது இல்லாட்டி அது வெறும் ரப்பர்.”

அன்றைக்குப் பிடித்த பிடி. ஐரோப்பாவின் வரைபடத்தை நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அண்ணையின் டயர்க் கதையில் படித்ததுதான் அதிகம். எந்த நாட்டுத் தரிப்பிடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தாலும் அங்கிருந்து கூப்பிட்டு அந்த நாட்டின் சட்டத்தைச் சொல்வார். பின்னணியில் மழை துடைப்பான் இழுபடும் சத்தம் கேட்கும், பக்கத்து லொறி பின்னுக்கு எடுக்கும் பீப் பீப் கேட்கும். ஜெர்மனியில் திகதி கிடையாது, வீதியில் பனியோ ஐஸோ இருந்தால் டயர் இருந்தாக வேண்டும். ஒஸ்ரியாவில் நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடு வரை. பிரான்ஸில் மலைப்பக்கத்துக்கு மட்டும். டயர் இல்லாவிட்டால் சங்கிலியாவது காருக்குள் கிடக்க வேண்டும். சுவிஸில் எல்லாரும் போட்டிருப்பார்கள், ஆனால் போடு என்று சட்டம் சொல்லவில்லை. “ஆனா இடிச்சியோ, பிழை முழுக்க உன்ரை தலையிலை” என்று அந்த நாட்டைப் பெரிய மரியாதையோடு சொல்வார். இங்கிலாந்து என்றால் மட்டும் இளக்காரம். அங்கே ஒரு சட்டமும் இல்லையாம், இரண்டு விரல்கடை பனி விழுந்தால் நாடே முடங்கிவிடுமாம்.

அவருக்குப் பிடித்த சட்டம் நோர்வேயில் இருந்தது. அங்கே ஆணி அடித்த டயர் போடலாம். பனிக்காலம் முடிந்தால் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆணி வீதியைக் கிழித்துவிடும். எப்போது கழற்றுவது என்பதைத் தெற்குப் பகுதியில் ஈஸ்டரை வைத்துத்தான் சட்டமே முடிவு செய்கிறது என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை.

“அண்ணை, காதிலை பூச்சுத்தாதேங்கோ.”

“மாதா சத்தியமாப் பிள்ளை. அரசாங்கமே ஈஸ்டரைப் பாத்துத்தான் டயரைக் கழட்டச் சொல்லுது.”

ஜெர்மன்காரரும் ஒக்டோபரில் போட்டு ஈஸ்டரில் கழற்றுவதாக வாய்க்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்களாம். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எங்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? உயிர்த்த ஞாயிறு எங்கள் டயர் நாளாயிற்று. நான் இதைக் கோயிலில் நாலு பெண்களிடம் பெருமையடித்தேன். அவர்கள் தங்கள் வீட்டுக்காரர்களிடம் சொன்னார்கள். நாங்கள் கர்க்லாண்டுக்கு வீடு மாறிய பிறகு ஈஸ்டர் திங்களன்று எங்கள் வீட்டு முன்றலில் மூன்று நாலு கார்கள் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. ஆண்கள் ஜாக்கி அடித்து டயர் கழற்றுவார்கள். உள்ளே நாங்கள் பாஸ்குப் பண்டிகையின் மிச்ச இறைச்சியைப் போட்டுக் கொத்துரொட்டி அடிப்போம். வருகிறவர்கள் எல்லாரும் என் அண்ணையை ஜெர்மன்காரர் என்றே சொல்வார்கள். “ஜெர்மன்காரர் சொன்னால் சரிதான்” என்பதுதான் எங்கள் முன்றலின் கடைசித் தீர்ப்பு.

கியூபெக்கில் சட்டம் வந்தபோது அண்ணை அதைத் தன் சொந்த வெற்றியாகக் கொண்டாடினார். முதலில் டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை என்றிருந்தது, பிறகு டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து என்று முன்னுக்கு இழுத்தார்கள். இரண்டு தடவையும் அவர் எனக்கு வாழ்த்துச் சொன்னார், ஏதோ என் முயற்சியால் நிறைவேறிய சட்டம் போல.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை வெறும் பகிடியாகிவிடும். எங்கள் அம்மா ஊரில் செத்துப்போன அன்று எங்கள் இரண்டு பேருக்குமே போக வழியில்லை. அவருக்கு ஊருக்குப் போக விசா இல்லை, எனக்குக் கைக்குழந்தை, ஊரில் சண்டையால் பாதை பூட்டு. அவர்தான் எனக்குச் செய்தி சொன்னார். அட்டையில் இருந்த நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன. நான் அழுகிறேன், அவர் அழவில்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. கடைசியில் அவர் கேட்டார்: “உங்கை ஸ்னோவோ பிள்ளை? டயர் எப்பிடி?” நான் டயர் நல்லாயிருக்கு அண்ணை என்றேன். அன்றைக்கு அவரிடமிருந்து வேறு எந்த வார்த்தை வந்திருந்தாலும் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

அண்ணைக்குக் கண்ணில் பிரச்சினை என்று எனக்குத் தெரியவந்தது அவர் ஓய்வு பெற்ற பிறகு. கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோய். முதலில் ஓரப் பார்வை போகும், பிறகு அந்த ஓரம் உள்ளே உள்ளே வரும். போனது திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவர் ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்தைத் தானாகவே கொண்டுபோய்க் கொடுத்ததை மகள் சொல்லித்தான் அறிந்தேன். அன்றைக்கு நான் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“நேரை பாத்தா எல்லாம் தெரியுது” என்றார். “பக்கத்திலைதான் ஒண்டுமில்லை. குதிரைக்குப் பட்டை கட்டின மாதிரி.” பிறகு சொன்னார்: “கண் இருக்கேக்கை ஒருக்கா வந்து உன்ரை வீட்டையும் உன்ரை ஸ்னோவையும் பாத்திட்டுப் போறன்.”

விமானத்தில் ஏறமாட்டேன் என்ற மனுசன் ஏறினார். மார்ச்சில் வரச் சொன்னேன், அப்போது பனிக்குப் பஞ்சமில்லை. வைத்தியரிடம் போக வேண்டியிருந்ததால் ஈஸ்டர் முடிந்துதான் வர முடிந்தது. அந்த வருடம் ஈஸ்டர் வழமையைவிட வெள்ளெனவே வந்துவிட்டது. பெரிய வெள்ளிக்கு முன்பே பனி எல்லாம் உருகி ஓடிவிட்டது. இவர் மட்டும் “இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பமே?” என்று முனகினார். நான் விடவில்லை. அண்ணை வந்து இறங்கும்போது தன்னுடைய விதிப்படியே கார் நிற்பதைக் காண வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஈஸ்டர் திங்களன்று வழக்கம்போல முன்றலில் கார்கள் நின்றன, வழக்கம்போல டயர்கள் கழன்றன.

அடுத்த நாள் அண்ணை வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் நான் கைகாட்டியது அவருக்குத் தெரியவில்லை. நான் பக்கவாட்டில் நின்றேன். அவருக்கு முன்னால் போய் நேருக்கு நேர் நின்றபிறகுதான் முகம் மலர்ந்தது. காரில் ஏறியதும் கதவுக்கு மேலே உள்ள பிடியைப் பிடித்தார். வெயில் காய்ந்த வீதி, ஒரு தூசி இல்லை. ஆனாலும் கர்க்லாண்ட் வரும் வரை அந்தப் பழைய சப்பாத்துச் சத்தம். மிதி, மிதி, மிதி. மருமகன் பட்ட பாடு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“எங்கை உன்ரை ஸ்னோ?” என்றார் வீட்டு வாசலில் இறங்கி. புல் காய்ந்து மண்ணிறமாகக் கிடந்தது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பின்னேரமே புவாண்ட்-கிளேரில் உள்ள பெரிய கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போனேன். அங்கே வாகனத் தரிப்பிடத்தின் மூலையில், குளிர்காலம் முழுக்க வழித்துக் கொட்டிய பனி ஒரு மலையாகக் கிடக்கும். மே மாதம் வரைக்கும் உருகாது. கறுத்துப்போய், கோப்பிக் கோப்பைகளும் ஒற்றைக் கையுறைகளும் குத்தி நின்ற அந்தக் குப்பை மேட்டுக்கு முன்னால் அண்ணையைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் தலையை மேலும் கீழும் ஆட்டி நேரே பார்த்தார்.

“இதுக்கோ பிள்ளை நான் பிளேன் ஏறினனான்?”

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு முடியும்போது கண் கலங்கியது. அண்ணை இன்னொரு தடவை வருவதென்றால் அப்போது எவ்வளவு பார்வை மிச்சம் இருக்கும்? கடவுளிடம் நான் அன்றைக்கு ஒரு மன்றாட்டு வைத்தேன். ஏப்ரலில் பனி கேட்டு மன்றாடிய ஆள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மன்றாட்டு பலித்தது, அதுவும் கேட்டதற்கு மேலாக. அந்தக் கிழமை முடிவதற்குள் ஒரு காலை எழும்பிப் பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஈரப்பனி, பஞ்சுப் பொதியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. முன்றல் இல்லை, வேலி இல்லை, பக்கத்து வீட்டுக் கார் இல்லை. அண்ணை எனக்கு முன்பே எழும்பி, முன்னறை ஜன்னல் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றுகொண்டிருந்தார். நான் கொண்டுபோன தேத்தண்ணி அவர் கையில் ஆறிப்போனது.

கொஞ்ச நேரத்தில் என் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதலாவது, கோயிலில் பாட்டுக் குழுவை நடத்துகிற அக்கா.

“உம்மடை ஜெர்மன்காரரைக் கேளும், இப்ப நாங்கள் என்னெண்டு வேலைக்குப் போறதெண்டு! ஈஸ்டராம், டயராம்!”

ஒன்றின் பின் ஒன்றாக வந்தது. எல்லாரும் அந்தத் திங்கட்கிழமை எங்கள் முன்றலில் டயர் கழற்றிவிட்டுக் கொத்துரொட்டி தின்றுவிட்டுப் போனவர்கள். ஊர் முழுக்க மற்றவர்கள் பலர் இன்னும் குளிர்கால டயரோடு போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் கோயில் கூட்டம் மட்டும் ஜெர்மன் கணக்கை நம்பிக் கூண்டோடு வீட்டில் அகப்பட்டுக் கிடந்தது. இப்போது பண்டகசாலையில் வேலை செய்யும் இவர்கூடத் தன் காரை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக் கனேடியரோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

தொலைபேசியின் ஒலிபெருக்கியில் வந்த ஏச்சு எல்லாம் அண்ணையின் காதிலும் விழுந்தது. அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை, ஆனால் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

“நோர்வேக்காரன் விளக்கமானவன்” என்றார். “அவன் ஈஸ்டர் முடிஞ்சும் ஒரு கிழமை தவணை குடுக்கிறவன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அதை ஏன் அண்ணை இவ்வளவு காலமாச் சொல்லேல்லை?”

“நீ கேக்கேல்லையே.”

அவர் திரும்பி, என்னை நேரே பார்க்கும்படி தலையைச் சரிசெய்துகொண்டார். “பிள்ளை, ஜன்னலாலை பாத்தது காணும். இதை நான் வீதியிலை இருந்து பாக்கவேணும். முன் கண்ணாடியாலை. நேரை வந்து அடிக்குமே, அப்பிடி.”

“வாங்கோ, இப்பவே போவம்.”

“சம்மர் டயரோடையோ? நான் ஏறன்.”

மார்ச் நடுவோடு சட்டம் முடிந்துவிட்டது, யாரும் பிடிக்க மாட்டார்கள் என்றேன். அண்ணை கேட்கவில்லை. பிடிக்கிறவனுக்காகவா டயர் என்றார். கராஜில் எங்கும் தவணை கிடைக்காது, பாதி ஊர் அங்கேதான் நிற்கும். ஏப்ரல் பனி ஒரு நாளுக்கு மேல் நிற்காது. நாளைக்கு உருகிவிட்டால் அவர் பார்க்க வந்தது போய்விடும். நான் இவருடைய பழைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

“அப்ப மாத்துவம்.”

குளிர்கால டயர்கள் எங்கள் கராஜுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. முன் இடது, பின் வலது என்று இவர் சோக்கட்டியால் எழுதிவைத்திருந்தார். அந்த எழுத்து மங்கிவிட்டது. அண்ணை குனிந்து டயரின் பக்கத்தில் பெருவிரலை ஓட்டினார். ரப்பரில் சின்னதாகப் புடைத்து நின்ற அடையாளத்தில் விரல் நின்றது.

“இருக்கு. மலையும் இருக்கு, பூவும் இருக்கு.”

பனியை வழித்து, காரை உள்ளே எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். ஜாக்கியை நான் வைத்தேன். கழற்றுவதும் தூக்கி மாட்டுவதும் என் பங்கு. கார்டரியில் பிள்ளை தூக்கிப் பழகிய கை. நட்டு அவர் பங்கு. கையால் தடவித் துளையைக் கண்டுபிடித்து, விரலால் முழுதும் சுற்றி, பிறகு எதிரெதிராக இறுக்குவார். இரண்டு தடவை நட்டு கையிலிருந்து உருண்டு போய் அவருக்குத் தெரியாத பக்கத்தில் விழுந்தது. நான் எடுத்துக் கையில் வைத்தேன். கடைசி டயர் முடிந்தபோது அவருடைய காது இரண்டும் குளிரில் சிவந்திருந்தன. அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கல்யாண வீட்டில்கூடக் காணவில்லை.

ஏறினோம். அண்ணை மேலே உள்ள பிடியைப் பிடித்தார்.

ஆற்றோர வீதியால் புவாண்ட்-கிளேர் பக்கம் போய், பிறகு டவுன்டவுனை நோக்கிப் பெரிய வீதியில் ஏறினேன். பனி முன் கண்ணாடியை நோக்கி நேராக வந்தது. அவர் கேட்டது அதைத்தான். அவருக்கு மிச்சமிருந்த பார்வையும் அதற்கு அளவாகத்தான் இருந்தது, நேரே முன்னால். முன்னே, பனி உருக உப்புத் தூவும் வண்டி மஞ்சள் விளக்குச் சுழற்றிக்கொண்டு மெதுவாகப் போனது. இடைவெளி விட்டு நானும் மெதுவாகப் போனேன். பக்கத்தில் இருப்பதை எல்லாம் நான் வாயால் சொன்னேன்: இப்போது வலதுபக்கம் ஒரு கோயில் கோபுரம், இடதுபக்கம் ரயில் பாதை, ஒரு கார் வழுக்கி ஓரத்தில் நிற்கிறது, ஆளுக்கு ஒன்றுமில்லை. அவர் ஓம், ஓம் என்றார். சப்பாத்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஓரிடத்தில் அண்ணை முன் கண்ணாடியை விட்டு முழுதாக என் பக்கம் திரும்பினார். அவர் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அப்படித்தான் திரும்ப வேண்டும். ஸ்டியரிங்கில் இருந்த என் கைகளை நெடுநேரம் பார்த்தார். ஏதோ பிழை சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் வாயைத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவர் முன்னுக்குத் திரும்பிக்கொண்டார்.

நான் தொடர்ந்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். பாலம் வருகுது அண்ணை, பாலத்திலை ஐஸ் இருக்கும், இப்ப குறைக்கிறன். ஓம் வரவில்லை. சப்பாத்துச் சத்தமும் நின்றுபோயிருந்தது. எனக்குப் பயம் பிடித்தது. ஒரு கணம் கண்ணைத் திருப்பிப் பார்த்தேன்.

அவருடைய கை பிடியை விட்டு மடியில் கிடந்தது. தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வாய் சற்றுத் திறந்திருந்தது. என் அண்ணை நித்திரை.

கண் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று சமுத்திரம் தாண்டி வந்த மனுசன், பனி கொட்டுகிற வீதியில், என் காரில் கண்ணை மூடிவிட்டார். நான் டவுன்டவுனுக்கு இறங்கும் வழியைத் தாண்டியும் நிற்காமல் ஓட்டிக்கொண்டே போனேன். பெற்றோல் இருக்கும் மட்டும் போயிருப்பேன். அழுகை வந்தது, ஆனால் பனி வீதியில் கண் தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

வீட்டு முன்றலில் வந்து நின்றதும் விழித்துக்கொண்டார். “வந்திட்டமோ?” என்றார். பிறகு, கொஞ்சத் தூரம் ஓடினால் நட்டைத் திரும்ப இறுக்க வேண்டும் என்று இறங்கிப் போய் ஒவ்வொன்றாக இறுக்கினார். நித்திரை கொண்டதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. அடுத்த நாள் வெயில் வந்து எல்லாம் உருகி ஓடியது. அவர் திரும்பிப் போகும்வரை அந்த டயர்களை நான் கழற்றவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒக்டோபரில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணை கூப்பிட்டார். என் முழங்காலை விசாரித்தார். இவருடைய வேலையை விசாரித்தார். என்ன கறி என்று கேட்டார். அங்கே மழை என்றார். தன் கண்ணைப் பற்றி நான் கேட்டபோது, இப்போது நடுவிலும் கொஞ்சம் புகைதான் என்று, பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, “சரி, பேந்து எடுக்கிறன்” என்றார்.

“அண்ணை, ஒண்டு மறந்திட்டியள்.”

“என்ன?”

“டயர்.”

“அதை ஏன் இனிக் கேப்பான்?” என்றார். “நான் உன்ரை காரிலை நித்திரை கொண்டனான் எல்லே.”

அவரிடம் இருந்து இதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை, மருமகனைக் கேட்டால் தெரியும். பெருமை நெஞ்சு முட்ட வந்தது. அதே மூச்சில் ஏதோ ஒன்று கையை விட்டுப் போவதுபோலவும் இருந்தது. இனிமேல் ஒவ்வொரு ஒக்டோபரும் இப்படித்தான், கறியும் மழையுமாகப் போகப்போகிறது. அந்த ஒரு கேள்வி இல்லாத குளிர்காலத்துக்குள் எனக்குப் போகத் தெரியாது.

“கேளுங்கோ அண்ணை” என்றேன்.

மறுபக்கத்தில் பழைய அட்டைக் காலத்தைப்போல மூச்சு மட்டும் கேட்டது.

“டயர் மாத்தியாச்சோ?” என்றார் மெல்ல.

ஜன்னலுக்கு வெளியே முன்றலில் கார் நின்றது. நாலு சில்லுக்கும் குளிர்கால டயர் போட்டு, கொஞ்சத் தூரம் ஓட்டி, நட்டு எல்லாம் திரும்ப இறுக்கியாகிவிட்டது.

“இல்லை அண்ணை” என்றேன். “இன்னும் மாத்தேல்லை.”

“விசரி! உனக்கு எத்தினை தரம் சொல்லுறது? இலை கொட்டினாப் பிறகு கராஜிலை...”

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுவதையும் கேட்டேன்.